வலது கை யார் தலையில்

பூந்தமல்லியில் பட்டன், ஜிப், லைனிங் துணி விற்கிற கடை ஒன்றின் மாடியில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சிலர் கூடி ஒரு சிறுகதையைப் பற்றிப் பேசுவோம். கடைக்காரர் பாய்தான் எங்கள் வாசகர் வட்டத்தை ஆரம்பித்தவர். தலைவரும் அவரே, டீ வாங்கித் தருபவரும் அவரே. நாற்காலி போதாவிட்டால் யாராவது லைனிங் துணிச் சுருளின் மேல் உட்கார வேண்டும். அந்த யாராவது எப்போதும் நான்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் எனக்கு வேலை. வாசகர் வட்டத்தில் எனக்குக் கோமாளி வேலை. மற்றவர்கள் படிமம், உத்தி என்று பேசிக் களைத்துப்போகும் இடத்தில் நான் ஒரு ஜோக் அடிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். பஜ்ஜி வரும். என்னைப் பேசச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. அதனால் போன டிசம்பரில் பாய் ஜெராக்ஸ் தாள்களை என் கையில் திணித்தபோது நான் தவறாகத்தான் புரிந்துகொண்டேன்.

"அண்ணாத்தே, அடுத்த தபா நீங்கதான்."

"இன்னா பாய், பஜ்ஜியா, வடையா?"

"அட, பேசறதுக்கு. பழைய யூதக் கதை, தமிழ்ல வந்துகீது. உள்ள ஃபுல்லா பைபிள். எனக்குப் பாதி புரியுது, பாதி புரியல. அது உங்க டிபார்ட்மென்ட்டாச்சே."

வட்டத்தில் நான் ஒருவன்தான் கிறிஸ்தவன். சண்டே ஸ்கூலில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கியவன். அந்தப் பரிசு ஒரு சோப்பு டப்பா என்பதை நான் அவர்களிடம் சொன்னதில்லை. "பாத்துக்கலாம் பாய்" என்று கொஞ்சம் கனமான குரலில் சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோ ஏறி முத்தாபுதுப்பேட்டைக்கு வீடு திரும்பினேன். வழியெல்லாம் தலை நிமிர்ந்தே இருந்தது. ஆட்டோவின் கம்பியில் இரண்டு தடவை இடித்துக்கொண்டேன்.

கதை சின்னதுதான். குளிர்ப் பிரதேசத்தில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு யூதத் தையல்காரர். அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் அப்பாவோடு உட்கார்ந்து தைக்கிறான். இளையவன் பக்கத்து நகரத்தில் படிக்கிறான். வெள்ளிக்கிழமை சூரியன் சாய்ந்ததும் அவர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும். அம்மா இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு உள்ளங்கைகளால் கண்ணை மூடிக்கொண்டு ஜெபிப்பாள். மேசையில் பின்னல் ரொட்டி இரண்டு, அவற்றின் மேல் ஒரு துணி. சாப்பிட உட்காருவதற்கு முன் அப்பா, மகன்களின் தலைமேல் கை வைத்து, யோசேப்பின் இரண்டு பிள்ளைகளைப் போல் கடவுள் உங்களையும் ஆக்கட்டும் என்று ஆசீர்வதிப்பார். வலது கை மூத்தவன் தலையில், இடது கை இளையவன் தலையில். வாராவாரம் இப்படித்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை இளையவன் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான். அண்ணனே தைத்துக் கொடுத்த கோட்டு. அப்பா கைகளை உயர்த்துகிறார். இரண்டு கைகளும் நடுவில் குறுக்கே போகின்றன. வலது கை இளையவன் தலையில் போய் உட்கார்கிறது. ஏன் என்று கதையில் யாரும் சொல்வதில்லை. மூத்தவன் தன் முன்னால் வைத்த பயற்றங்கூழைத் தொடாமல் எழுந்துவிடுகிறான். ஓய்வுநாள் முடிந்ததும் ஊரை விட்டுப் போகிறான். பல வருஷம் கழித்து வேறொரு ஊரில், அவனுடைய இரண்டு மகள்கள் அவன் முன்னால் தலை குனிந்து நிற்கிறார்கள். அவன் இரண்டு கைகளையும் தூக்கியபடி நிற்கிறான். கதை அங்கே முடிகிறது.

என் டிபார்ட்மென்ட்டுக்கு அன்று அடைமழை. பென்சிலால் கோடு போட்டுப் போட்டே தாள் கறுத்துவிட்டது. இரண்டு ரொட்டி எதற்கு? வனாந்தரத்தில் வானத்திலிருந்து விழுந்த மன்னாவை, ஓய்வுநாளில் பொறுக்கக் கூடாது என்பதால் முதல் நாளே இரண்டு மடங்காகச் சேர்த்துக்கொண்டார்கள், அதன் ஞாபகம். கோட்டு எதற்கு? யோசேப்பின் பலவருண அங்கி. அதைப் பார்த்து வயிறெரிந்துதான் அண்ணன்கள் அவனைக் குழியில் தள்ளினார்கள். கூழ்? பசி தாங்காமல் ஒரு கிண்ணம் கூழுக்கு மூத்த மகன் என்ற உரிமையையே தம்பி யாக்கோபிடம் விற்ற ஏசாவின் கூழ். இந்தக் கதையில் மூத்தவன் அதைத் தொடாமல் எழுந்தும் உரிமை போய்விடுகிறது. குறுக்கே போன கைகள்? அதுவும் யாக்கோபுதான். கிழவனாகிக் கண் மங்கியபின், தன் மகன் யோசேப்பின் பிள்ளைகளை ஆசீர்வதிக்கும்போது வேண்டுமென்றே கைகளைக் குறுக்காகப் போட்டு, வலது கையை இளையவன் எப்பிராயீம் தலையிலும் இடது கையை மூத்தவன் மனாசே தலையிலும் வைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது ரொட்டியின் மேல் போட்ட துணி. அதைப் பற்றிக் கதையிலேயே ஒரு வரி வருகிறது. முதலில் திராட்சரசத்துக்குத்தான் ஜெபம், அப்புறம்தான் ரொட்டிக்கு. தனக்கு முன்னால் இன்னொன்று ஆசீர்வாதம் வாங்குவதைப் பார்த்து ரொட்டி மனம் நோகக் கூடாது என்று அதை மூடி வைப்பார்களாம். ரொட்டியின் மனசுக்குத் துணி போடுகிற வீட்டில் பெற்ற பிள்ளையின் மனசை மூட ஒரு முழம் துணி இல்லை, அதுவும் தையல்காரர் வீட்டில்! இதை அப்படியே கூட்டத்தில் சொன்னால் கைதட்டு நிச்சயம் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்தேன்.

தண்ணீர் பாதி தொண்டையில் இருக்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது.

எங்கள் வீட்டிலும் அப்பா கை வைப்பார். வெள்ளிக்கிழமைகளில் இல்லை, வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை. புது வருஷக் காலை ஆராதனை முடிந்து வந்ததும் கூடத்தில் பாயை விரித்து நானும் தம்பியும் முழங்கால் போடுவோம். அப்பா நின்றபடி இரண்டு பேர் தலையிலும் கை வைத்து ஜெபிப்பார். ஆவடியில் அப்பாவின் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து நடக்கிறது. அதில் தம்பி எப்போதும் அப்பாவின் வலது பக்கம். நான் எப்போதும் இடது பக்கம்.

அப்படியென்றால் வலது கை?

தம்பி மனைவி வருஷாவருஷம் அந்த ஜெபத்தை செல்போனில் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போடுவாள். மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் வலது கை தம்பி தலையில். ஆல்பத்தில் குவார்ட்டர்ஸ் காலத்துப் படம் ஒன்று இருந்தது. அதிலும் அப்படியே. நான் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூக்கில் ஒழுகலோடு, பயபக்தியாக ஏமாந்துகொண்டிருந்தேன்.

"இன்னாங்க, போனுக்குள்ள போயிடுவீங்க போலக்கீது?" என்றாள் என் மனைவி.

விஷயத்தைச் சொன்னேன். அவள் திருவேற்காட்டில் நாலு அண்ணன் தம்பிகளோடு வளர்ந்தவள். அப்பா கை தலையில் விழுந்தது என்றால் அது குட்டு என்றுதான் அவளுக்குத் தெரியும்.

"அம்பது தாண்டிடுச்சு. அப்பா எந்தக் கைய வெச்சாருன்னு அயுவறீங்களா?"

"அழல. கேள்வி கேக்கறேன்."

"அந்தக் கேள்விய நாளைக்குக் கேளுங்க. இப்ப மாமாக்கு மாத்திர குடுத்துட்டு வாங்க."

இதுதான் எனக்கு வயிறெரிந்த இடம். அப்பாவுக்கு மாத்திரை கொடுப்பது நான். காலையில் நாற்காலியிலிருந்து தூக்கி நிறுத்தி நடக்க வைப்பது நான். அவர் முதுகில் தைலம் தேய்ப்பது நான். அந்தத் தைல வாசனையோடேயே ஆவடியில் ரயிலேறி அம்பத்தூருக்கு வேலைக்குப் போகிறேன். பெட்டியில் பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்துவிடுகிறார். தம்பியோ வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் வணிகவியல் சொல்லிக் கொடுக்கிறான். மாதம் ஒரு தடவை காரில் வந்து இறங்குவான், கையில் பிளம் கேக். அப்பா கதவு வரைக்கும் எழுந்து வருவார். என்னைப் பார்த்து அப்பா கதவு வரைக்கும் எழுந்து வந்தது, நான் கேஸ் சிலிண்டர்காரரோடு வந்த அன்றைக்கு மட்டும்தான். அதுவும் சிலிண்டரைப் பார்க்க.

பைபிளில் ஊதாரி மகன் திரும்பி வந்ததும் கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கிறார்கள். வயலில் உழைத்துவிட்டு வந்த மூத்த மகன் வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்கிறான். அந்தப் பிரசங்கத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு போதகரும் அவனைத் திட்டுவார். நான் மட்டும் பின் பெஞ்சில் உட்கார்ந்து அவன் கட்சி. போதாததற்கு என் தம்பி ஊதாரிகூட இல்லை. பி.எஃப். போட்டு வைத்திருக்கிறான். தலை நிறைய முடி வேறு. அப்பா கை வைப்பதற்கு அவன் தலையில் ஒரு மெத்தையே இருக்கிறது. என் தலையில் வைத்த கை வழுக்கிக் காதுக்கு வரும்.

அப்போதே முடிவு செய்துவிட்டேன். இந்தப் புது வருஷம் அந்த வலது கை எனக்கு வேண்டும். ஒரே ஒரு தடவை போதும்.

புது வருஷக் காலையில் வீடு முழுக்க ஆப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் மணத்தது. தம்பி குடும்பத்தோடு வந்து இறங்கினான். அப்பா கதவு வரைக்கும் எழுந்து வந்தார். நான் பாயை விரித்தேன். விரித்த வேகத்திலேயே போய் அப்பாவின் வலது பக்கம் முழங்கால் போட்டுவிட்டேன். மூட்டு படீரென்று சத்தம் போட்டது. பரவாயில்லை, ஜன்னலோர சீட்டுக்குத் துண்டு போட்டாகிவிட்டது.

தம்பி நின்று பார்த்தான்.

"ண்ணா, அது என் எடம்."

"பேரு எழுதிக்கீதா?"

"இத்தினி வருசமா நான்தானே அங்க?"

"அதான். இந்த வருசம் நான்."

"இன்னாடா இது, ஸ்கூல் பெஞ்சா?" என்று அவன் சிரித்துக்கொண்டே மறுபக்கம் முழங்கால் போட்டான். அந்தச் சிரிப்பிலும் எனக்கு வயிறெரிந்தது. கொஞ்சம் போனாலும் குறையாதவன் சிரிக்கிற சிரிப்பு அது.

அப்பா தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்கள் முன்னால் வந்து நின்றார். இப்போதெல்லாம் ஜெபம் முடியும் வரை எங்கள் தலைகள்தான் அவருக்குத் தடி, பாரம் நன்றாகவே இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு கைகளை நீட்டினார். வலது கை என் தலைக்கு வந்தது. வந்தேவிட்டது! உள்ளங்கை முழுசாக என் உச்சியில் பதிந்தது. மனசுக்குள் ஒரு அல்லேலூயா போட்டுக்கொண்டேன்.

கை நின்றது. விரல்கள் என் வழுக்கையில் முன்னும் பின்னும் நகர்ந்து ஏதோ தேடின. அப்புறம் கை மேலே எழும்பியது.

கண்ணைத் திறந்தேன். என் மூக்குக்கு நேர் எதிரே அப்பாவின் புதுச் சட்டையின் வலது கை குறுக்கே போய்க்கொண்டிருந்தது, தம்பி பக்கம். அதன் மேலாக இடது கை வந்து என் தலையில் உட்கார்ந்தது. யூதக் கதையில் பென்சிலால் கோடு போட்டேனே, அதே கைகள், முத்தாபுதுப்பேட்டையில், என் வீட்டுக் கூடத்தில்.

யாக்கோபு கிழவனாவதற்கு ரொம்ப காலத்துக்கு முன், கண் தெரியாத அப்பாவை ஏமாற்றி அண்ணனின் ஆசீர்வாதத்தை வாங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். அண்ணன் கையில் ரோமம் அதிகம் என்பதால் இவன் ஆட்டுத்தோலைக் கட்டிக்கொண்டு போனான். அப்பா தடவிப் பார்த்து நம்பிவிட்டார். நான் அந்தத் தந்திரத்தையே எடுத்தேன், ஆட்டுத்தோலை மறந்துவிட்டேன். ஒரு விக்காவது வைத்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம் நான் செய்ததை என் மனைவி இன்றுவரை தெருவில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள். கையை நீட்டி அப்பாவின் வலது மணிக்கட்டைப் பிடித்து என் தலைப் பக்கம் இழுத்தேன்.

"ஏலே!" என்றார் அப்பா. கண்ணைத் திறக்கவில்லை. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து, இத்தனை வருஷம் ஆவடித் தண்ணீர் குடித்தும், அந்த 'லே' மட்டும் அவர் நாக்கை விட்டுப் போகவில்லை. "ஜெபத்துல என்னல வெளையாட்டு? சும்மா இரு."

சும்மா இருந்தேன். அவர் பிள்ளைகளுக்கு, பேரப்பிள்ளைகளுக்கு, தொழிற்சாலையில் கூட வேலை பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு, பக்கத்து வீட்டு நாய் கடித்த பால்காரருக்கு எல்லாம் ஜெபித்து முடித்தார். நான் கண்ணை மூடவில்லை. என் மூக்குக்கு முன்னால் நிற்கிற சட்டைக் கையையே முறைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சட்டையை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

சாப்பிடும்போது என்னால் அடக்க முடியவில்லை. ஜோக் மாதிரிதான் ஆரம்பித்தேன். எனக்கு வேறு மாதிரி ஆரம்பிக்கத் தெரியாது.

"இன்னாப்பா, வலது கை தம்பிக்குப் பட்டா போட்டுக் குடுத்துட்டீங்களா?"

அப்பா ஆப்பத்தைப் பாயாவில் தோய்த்தார். "நீ எடம் மாறி உக்காந்துட்ட. நான் என்னல செய்ய?"

"மாறித்தான் உக்காந்தேன். அப்படியே வெச்சிருக்கலாமில்ல?"

"எப்படி வைக்க? எந்தக் கையில எது இருக்கணுமோ அதுதான இருக்கணும். உளி எடது கை. சுத்தியல் வலது கை. மாத்திப் பிடிச்சா வெரலு போயிரும்."

அவ்வளவுதான். அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். வேலை முழுக்க அந்த இரண்டு கைகளில்தான். இன்னொரு ஆப்பம் கேட்டார். ஓரம் மொறுமொறுவென்று இருக்கிறதாகப் பார்த்து.

"அப்ப நான் சுத்தியலா?" என்றான் தம்பி.

"நான் உளிடா. அடி வாங்கறதே உளிதான்" என்றேன்.

தம்பி சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்தபடி, "நீ பேசாத ண்ணா. ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்றான்.

"இன்னா தெரியாது?"

"ஆமென் சொன்னதும் அப்பா வலது கைய எடுத்துடுவாரு. மூக்குக் கண்ணாடிய தொடைக்க. என் தல காலி. எடது கை அப்புடியே ஒன் தலையில கீது. கண்ணாடிய தொடச்சி, மாட்டி, எல்லாரையும் பாத்து சிரிச்சி, அப்பறமாதான் அத எடுப்பாரு. சில வருசம் தட்டிக் குடுத்துகினே இருப்பாரு. சின்ன புள்ளையில இருந்து பாத்துகினு கீறேன்."

"நான் பாக்கலியே."

"நீதான் கண்ண இறுக்க மூடிக்குவியே, பெரிய பரிசுத்தவான் மாதிரி. நான் எப்பவும் ஓரமா தெறந்து பாப்பேன். ஒரு தபாவாச்சும் அந்த எடது கை எனக்கு வராதான்னு இருக்கும். இன்னிக்கு நீ எடம் மாறினியே, சரி, இன்னிக்காச்சும் வருதேன்னு நெனச்சேன்."

அப்பாவுக்கு இது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. எலும்பு உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் மேல் பாசம் பொங்கியிருக்க வேண்டும். பொங்கவில்லை. எனக்குப் பொறாமை வந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை. இவன் அரை டிராயரிலிருந்தே பொறாமைப்பட்டிருக்கிறான். அதிலும் என்னை முந்திவிட்டான். மூத்தவனுக்கென்று இந்த வீட்டில் எதைத்தான் விட்டு வைத்தார்கள்?

ஜனவரியில் பாய் கடை மாடியில் கூட்டம். எனக்கு அன்று நாற்காலி கொடுத்தார்கள். ஏறி உட்கார்ந்ததும் உயரமாகத் தெரிந்தது. மன்னா, அங்கி, கூழ், மெழுகுவர்த்தி எல்லாம் வரிசையாகச் சொன்னேன். துணி போட்டு மூடிய ரொட்டிக்கு எதிர்பார்த்த கைதட்டு வந்தது. அப்புறம் குறுக்கே போன கைகளுக்கு வந்தேன். அங்கே என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. அப்பா என்றால் இப்படியா, ஒரு வார்த்தை காரணம் சொல்ல வேண்டாமா, மூத்தவன் என்ன மரக்கட்டையா என்று ஆரம்பித்து, தையல்காரரையும் யாக்கோபையும் ஒன்றாக நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினேன். எல்லோரும் ஜோக்குக்காகக் காத்திருந்தார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை.

பாய்தான் மெதுவாகக் கேட்டார். "அண்ணாத்தே, ஒரு டவுட்டு. பைபிள்ல அந்தப் பெரிய புள்ள, மனாசே, அவன் இன்னா சொன்னான்?"

"இன்னா சொன்னானா? கோவிச்சுகினான். தாத்தா கைய புடிச்சி மாத்தப் பாத்தான்."

"மாத்தப் பாத்தது புள்ளைங்களோட அப்பாதானே? யோசேப்பு?"

என் பையில் வேதம் இருந்தது. எடுத்துப் புரட்டினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் சொன்னது சரிதான். தாத்தாவின் கையைப் பிடித்தது யோசேப்பு. வருத்தப்பட்டது யோசேப்பு. தாத்தா, தெரிந்துதான் செய்கிறேன் என்று சொன்னதும் யோசேப்பிடம்தான். இடது கை யார் தலையில் விழுந்ததோ அந்த மனாசே வாயைத் திறக்கவே இல்லை. ஒரு சொல் இல்லை. மேல் வசனம், கீழ் வசனம் எல்லாம் பார்த்தேன். அந்தப் பையன் சும்மா நிற்கிறான்.

"பின்னாடி மொழிபெயர்ப்பாளர் குறிப்பு ஒண்ணு கீதே, பாத்தீங்களா?" என்றார் பாய்.

பார்க்கவில்லை. வேதம் என் டிபார்ட்மென்ட் அல்லவா, குறிப்பெல்லாம் எனக்கு எதற்கு?

பாய் கடைசித் தாளை எடுத்துப் படித்தார். யூதத் தகப்பன்கள் வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளை ஆசீர்வதிக்கும்போது, பெரிய பெரிய முற்பிதாக்களை விட்டுவிட்டு இந்த இரண்டு பையன்களின் பெயரைச் சொல்வது ஏன் என்று அதில் இருந்தது. வேதத்தின் முதல் புத்தகத்தில் அண்ணன் தம்பி என்றாலே ஒருவன் மற்றவனைக் கொல்வான், அல்லது ஏமாற்றுவான், அல்லது விற்பான். இந்த இரண்டு பேர்தான், கை மாறியும் ஒருவரை ஒருவர் பார்த்து எரியாமல் நின்றவர்கள். அதனால்தான் அவர்களைப் போல் ஆகுங்கள் என்று சொல்வதாக ஒரு விளக்கம் உண்டாம்.

"கதையில அந்த அப்பா வாராவாரம் இதத்தானே சொல்றாரு?" என்றார் பாய். "அந்தப் பேரச் சொல்லிட்டு அவரே கைய மாத்திட்டாரு. பாவம், பெரியவன் மனாசேவா நிக்க முடியாம பூட்டான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மனாசேவுக்கு வேதத்துல வசனமே குடுக்கல பாய்" என்றேன். "எனக்கு இருக்கிற வாய் அவனுக்கு இருந்திருந்தா ஆசீர்வாதமே நடந்திருக்காது."

சிரித்தார்கள். பஜ்ஜி வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து, பழக்கம்தான், துணிச் சுருளில் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது சாயங்கால வெயில் கூடத்தில் விழுந்துகொண்டிருந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தார். அதாவது, என் கைக்காக. வாசல் வரைக்கும் நடந்து வருவதற்கு.

"பேசிட்டியாலே?"

"பேசிட்டேன்."

"கை தட்டுனாவளா?"

"ரொட்டிக்குத் தட்டினாங்க."

அவருக்குப் புரியவில்லை, கேட்கவும் இல்லை. வலது கையில் தடியை ஊன்றிக்கொண்டு இடது கையை என் பக்கம் நீட்டினார். தினமும் நீட்டுகிற கைதான். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, குளியலறைக்கு, கட்டிலுக்கு, மழை பெய்தால் ஜன்னலுக்கு. அந்தக் கை என் முன்னங்கையை எந்த இடத்தில் பிடிக்கும் என்று எனக்குத் தூக்கத்திலும் தெரியும். பெருவிரல் பக்கத்தில் உளி பிடித்துக் காய்த்த காய்ப்பு இன்னும் இருக்கிறது. வெயிலில் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதோடு எனக்கு மனசு நிறைந்துவிட்டது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் நான் அப்போது என்ன செய்தேன் என்றால், அப்பாவின் வலது கையிலிருந்த தடியை மெதுவாக உருவி, நீட்டியிருந்த இடது கையில் கொடுத்தேன். பிறகு நாற்காலியின் மறுபக்கம் போய் நின்று, காலியான வலது கைக்கு என் கையை நீட்டினேன்.

அப்பா இடது கையிலிருந்த தடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தடியைத் திரும்பவும் வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இந்தப் பக்கம் வாலே" என்றார். "விழுந்துருவேன்."

எனக்கு வாய் வரைக்கும் ஒரு ஜோக் வந்தது. நல்ல ஜோக்தான். விழுங்கிவிட்டு இடது பக்கம் போனேன்.